வலது ஓரத்தில் அக்கா

அக்கா இறந்த ஐந்தாம் நாள் நான் வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தால் துக்கம் தாங்காது என்று பயந்து ஓடி வந்ததாக ஆபீசில் நினைத்துக்கொண்டார்கள். நினைத்துக்கொள்ளட்டும். துக்கம் வந்தால்தானே தாங்குவதும் தாங்காததும். வீட்டில் எதுவும் தோன்றாமல் உட்கார்ந்திருப்பதற்கு, ஆபீசில் எதுவும் தோன்றாமல் உட்கார்ந்திருந்தால் ஒரு நாளைக்கு அறுபது வீடாவது நிமிரும்.

வீடுகளை நிமிர்த்துவதுதான் என் வேலை. விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுக்கிறவர்கள் அவசரத்தில் கேமராவை அண்ணாந்து பிடித்துவிடுவார்கள். சுவர்கள் இரண்டும் மேலே போகப் போக ஒன்றை ஒன்று கட்டிக்கொள்ளப் பார்க்கும். கதவு மேலே குறுகும். புறாக்கூண்டு அளவு அறையை மண்டபமாகக் காட்டுவதற்காக அகல லென்ஸ் போடுவார்கள். அதில் ஜன்னல் விளிம்பு வில்லாக வளையும். இந்தக் கூத்தையெல்லாம் மென்பொருளில் சரிசெய்து சாயங்காலத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கதவு நிலையோரம் ஒரு கோடு, எதிர்மூலையில் ஒரு கோடு இழுத்துவிட்டால் வீடு ஒரு குலுக்கு குலுக்கி நேராக நிற்கும். ஒரு படத்துக்கு ஒன்றரை நிமிடம். பதினோரு வருஷமாக இதைத்தான் செய்கிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவைப் பார்ப்பேன், அப்புறம்தான் கதவைத் திறந்தவரைப் பார்ப்பேன்.

எங்கள் மேலாளருக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்திருந்தோம். கொத்தனார் சுவரின் மேல் வைத்துப் பார்ப்பாரே, உள்ளே ஒரு குமிழி ஓடுமே, அது. மனுஷர் எந்தப் படத்தைப் பார்த்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மறுபக்கம் சாய்த்து, நடுவில் கொண்டுவந்து நிறுத்துவார். பெயர் அவருக்கும் தெரியும். கண்டுகொள்ள மாட்டார்.

அன்று என் மேஜைக்கு வந்து நின்றார்.

“ஒரு வாரம் லீவு எடுத்துக்கலாமே. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“எடுத்து?”

“எடுத்து... கொஞ்சம் அழலாம்.”

“அதுக்கு எதுக்கு லீவு? வந்தா இங்கயே அழுதுக்கறேன். ஃபைலை அனுப்புங்க.”

தலையைச் சாய்த்துப் பார்த்தார். பிறகு ஆளில்லாத வீடுகளாகப் பார்த்து எனக்கு அனுப்பினார். சாமான் எதுவும் இல்லாத, குடி வராத புது வீடுகள். நல்ல மனுஷர்தான். அவர் நல்லவராக இருப்பதுகூட அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது வாரம் அத்தான் போன் செய்தார். அக்காவின் கணவர். பள்ளிக்கூடத்தில் ஆய்வகப் பொறுப்பாளர். கண்ணாடிக் குழாய்களோடு பழகிப் பழகி மனுஷர்களிடமும் மெதுவாகத்தான் பேசுவார். அவரும் அக்காவின் மகளும் அக்காவும்தான் எனக்கு இருந்த சொந்தம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆகாததில் வருத்தமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையானால் நேராக அக்கா வீடு. சாப்பாடு, சண்டை, ஒரு தூக்கம், திரும்பி வருவது. என் வாரம் அப்படித்தான் முடியும்.

“அந்தப் போட்டோ உன்கிட்ட இருக்கா?” என்றார் அத்தான். “புது வீட்டுக்கு வந்த அன்னிக்கு எடுத்தியே. அதுல அவளை மட்டும் தனியா எடுத்துப் பெருசாப் போட்டுக் குடு.”

“அதை எதுக்கு அத்தான்? அதுல ஓரத்துல நிக்கிறா. வேற நல்ல போட்டோ எவ்வளவோ இருக்கு.”

“இல்ல, அதுதான் வேணும். அதுலதான் நல்லா இருக்கா. கன்னமெல்லாம்...” கொஞ்சம் நிறுத்தினார். “பொண்ணு என்கிட்ட பேச மாட்டேங்கறாம்மா. கூடவே இருந்தியே, உனக்குக் கண்ணு இல்லையான்னு கேட்டா. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை இல்ல. அவ வேலை பாக்கற இடத்துப் பக்கமா ஒரு விடுதியில சேந்துக்கறாளாம். ஞாயித்துக்கிழமை போறா. அதுக்குள்ள இதைக் காட்டணும். அவ அம்மா எவ்வளவு நல்லா இருந்தான்னு பாக்கட்டும்.”

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்ததிலிருந்து ஆறே வாரம். வயிற்றுக்குள் கட்டி. முதல் நாளே டாக்டர் கேட்டார்: “ஏழெட்டு மாசமாவே இளைச்சிருப்பாங்களே, வீட்ல யாரும் கவனிக்கலையா? கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாம்.” பழைய சீட்டு கொண்டுவந்தீர்களா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். அத்தான் தரையைப் பார்த்தார். அக்கா மகள் அத்தானைப் பார்த்தாள். இருபத்திரண்டு வயது, மருந்துக்கடையில் வேலை, நாள் முழுக்க நோயாளிகளின் முகத்தில் முழிக்கிறவள். தன் வீட்டில் இருந்த முகத்தைத் தான் பார்க்காமல் விட்டதை அவளால் விழுங்க முடியவில்லை. அதைத் தூக்கி அப்பாவின் தலையில் போட்டுவிட்டாள்.

அத்தானுக்கு இருந்த ஒரே சாட்சி அந்தப் படம்தான். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் போனை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். “பாருங்க, இது ஒன்பது மாசத்துக்கு முன்னாடி. இப்படி இருந்தவளைப் பாத்து யாருக்காவது சந்தேகம் வருமா?” பார்த்தவர்கள் எல்லோரும் வராது என்றார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

போன் வந்த மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போனதும், என் பழைய டிஸ்க்கிலிருந்து அந்தப் படத்தைத் திறந்தேன்.

அன்று அந்தச் சின்ன ஹாலில் ஒன்பது பேர். பின்னால் நகர இடமில்லை. நான்தான் ஆபீஸ் லென்ஸைக் கொண்டுபோயிருந்தேன், இருப்பதிலேயே அகலமானது. ஸ்டூலின் மேல் கேமராவை வைத்து, பத்து விநாடி டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய் இடது ஓரத்தில் நின்றேன். நடுவில் அத்தான், பக்கத்தில் மகள், அப்புறம் அக்கம்பக்கத்தார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து கடைசியாக வந்து, கிடைத்த இடமாக வலது ஓரத்தில் நின்றாள். தலைக்குப் பக்கத்தில் சுவர்விளக்கு. பந்து போல வெள்ளைக் கண்ணாடிக் கூடு போட்டது. அந்த வீட்டில் அவள் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள்.

இந்த லென்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். அகல லென்ஸில் எடுத்த படம் சோற்றை அடைத்த வயிறு போல நடுவில் உப்பியிருக்கும். சுவரும் கதவும் வளைந்து தெரியும். அதைச் சரிசெய்ய, ஓரங்களை வெளியே பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் கதவு நேராகும். ஆனால் ஓரத்தில் நிற்கிற ஆள் அகலமாகிவிடுவார். சுவரில் மாட்டிய கடிகாரத்துக்கு ஒன்றும் ஆகாது, அது தட்டை. உருண்டையாக இருப்பவைதான் மாட்டிக்கொள்ளும்: பந்து, பல்பு, மனுஷத் தலை. முகத்தைச் சரிசெய்தால் சுவர் வளையும். சுவரைச் சரிசெய்தால் முகம் இழுபடும். இரண்டையும் ஒரே படத்தில் முழுசாகக் காப்பாற்ற முடியாது. நாங்கள் வீடு விற்கிற கூட்டம். எங்களுக்கு எப்போதும் சுவர்தான் முக்கியம்.

படம் எடுத்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அதைத்தான் செய்தேன். யாரும் கேட்கவில்லை. கை சும்மா இருக்காது. கதவு நிலையில் ஒரு கோடு, மூலையில் ஒரு கோடு. ஹால் நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் இடது ஓரத்தில் என்னைப் பார்த்தேன். தலையணைக்குக் கண் வைத்த மாதிரி ஒரு முகம். ‘கர்மம், லென்ஸ் பண்ணின வேலை’ என்று சொல்லிக்கொண்டு, என் பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்து, உள்ளே தள்ளி, தாடையையும் கழுத்தையும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தேன். கால் மணி நேரம் ஆனது. என் மூஞ்சிக்கு நான் செலவழிக்காமல் வேறு யார் செலவழிப்பார்கள்?

அப்புறம் வலது ஓரத்தையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அங்கே அக்கா கன்னம் புஷ்டியாக, சிரித்த முகமாக நின்றாள். பரவாயில்லையே, நல்லா இருக்காளே என்று தோன்றியது. அப்படியே குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன். ‘புது வீடு ஒத்துக்கிச்சு போல’ என்று ஒருவர். ‘மாமியாரைவிட மருமக குண்டாயிட்டா’ என்று அத்தான் பக்கத்துச் சொந்தம் ஒன்று. அக்கா வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் போட்டிருந்தாள்.

என் கன்னத்தைப் பார்த்தபோது லென்ஸ் என்றேன். அவள் கன்னத்தைப் பார்த்தபோது சாப்பாடு என்று நினைத்தேன். பதினோரு வருஷ அனுபவம்.

இரண்டு மாதம் கழித்து அக்கா ஆபீஸ் நேரத்தில் போன் செய்தாள். கையில் வேலை இருந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன்.

“ஏண்டி, துணியெல்லாம் தொளதொளன்னு ஆகுது. பாத்திரம் கழுவறப்ப மோதிரம் கழண்டு விழுது. நான் இளைச்சிட்டேனா?”

“யாரு, நீயா? குரூப்ல போட்டோவைப் பாரு. கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி இருக்கு. ஊரே இளைக்கணும்னு ஓடுது, உனக்கு இளைச்சிட்டோம்னு கவலை.”

“நெஜமாவா சொல்றே?”

“அக்கா, எனக்கு வேலை கிடக்கு. நீ நல்லாத்தான் இருக்கே.”

“சரிடி. நீ சொன்னாச் சரியாத்தான் இருக்கும்” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அவள் தலைக்குப் பின்னால் அலமாரிக் கதவு கோணலாகத் தொங்குவது எனக்குத் தெரிந்தது. ஆணி வாங்கிவந்து அதைச் சரிசெய்தும் கொடுத்தேன்.

இப்போது மூலப்படத்தை எடுத்துவைத்து, அன்று செய்த எல்லாவற்றையும் கழற்றினேன். சுவர் வளைந்தால் வளையட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த விளக்கை மட்டும் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். அது பந்து, அந்த வீட்டில் பல தடவை நானே துடைத்திருக்கிறேன். நான் அனுப்பிய படத்தில் அது முட்டை மாதிரி இருந்தது. முட்டை எப்போது பந்தாகிறதோ, அப்போது அதன் பக்கத்தில் இருக்கும் தலையும் உண்மையான தலையாகிவிடும். கணக்கு அவ்வளவுதான்.

அம்புக்குறியை ஒவ்வொரு புள்ளியாக நகர்த்தினேன். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது உருண்டையானதும் கையை எடுத்தேன். அதற்கப்புறம்தான் அக்காவைப் பார்த்தேன்.

கன்னத்து எலும்பு தெரிந்தது. நெற்றிப்பொட்டில் பள்ளம். கழுத்தில் இரண்டு நரம்பு. ரவிக்கையின் தோள்தையல் தோளைவிட்டு இறங்கி மேல்கையில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் முதல் நாள் கட்டிலில் பார்த்த அதே முகம். என்ன, இதில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த ரசமட்டம் பின்னால் நின்றார். தலையை இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, நடுவில் நிறுத்தினார்.

“சரியா வந்திருக்கு. லாம்ப் பக்கா உருண்டை” என்றார். பிறகு மெதுவாக, “அக்காவா? உடம்பு முடியாதப்ப எடுத்ததா?” என்றார்.

“இல்ல சார். நல்லா இருந்தப்ப எடுத்தது.”

அவர் தண்ணீர் பாட்டிலை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். நான் அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது. நானும்தான் எதிர்பார்த்தேன். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். தோள்பட்டை வலித்தது, அதற்குமேல் எதுவும் இல்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டைத் திறந்தேன். மூன்று படுக்கையறை, இரண்டு பால்கனி.

சனிக்கிழமை இரண்டு படத்தையும் அச்சடிக்கக் கொடுத்தேன். எதைக் கொடுப்பது என்று முடிவெடுக்க முடியாமல்தான் இரண்டும். கடைக்காரர் இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார்.

“அக்கா தங்கச்சிங்களா? நல்லா ஜாடை இருக்கு.”

“ஆமா” என்றேன்.

“இவங்க கொஞ்சம் உடம்பைப் பாத்துக்கணும்” என்று ஒல்லியாக இருந்த படத்தின் மேல் விரலை வைத்துச் சொன்னார். ஒரு நொடி பார்த்த கடைக்காரருக்குத் தெரிந்துவிட்டது. அவரை அறையலாம் போல இருந்தது. அவர் என்ன செய்வார், பாவம். உறை போட்டுக் கொடுத்தார், வாங்கிக்கொண்டு வந்தேன்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நான் தூங்கிவிட்டேன். காலையில் பல் தேய்க்கும்போதே முடிவாகிவிட்டது: அகலமான படத்தைத்தான் கொடுக்கப் போகிறேன். அத்தானுக்கு அது வேண்டும். எனக்கு அத்தான் வீடு வேண்டும். அந்த வீட்டில் என்னை உட்காரச் சொல்ல இனி இரண்டே பேர்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், அவளை நான்தான் ஏமாற்றினேன் என்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா? இன்னொரு படத்தைப் பையில் அப்படியே வைத்துக்கொண்டேன். ஏன் எடுத்துப்போனேன் என்று கேட்டால் தெரியாது.

நான் போகும்போது அக்கா மகள் ஹாலில் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. என்னைப் பார்த்து, “வா சித்தி” என்றாள். அந்த வீட்டில் அப்போது அவள் பேசியது என்னோடு மட்டும்தான். அத்தான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி. நான் நீட்டிய உறையைப் பிரித்து, படத்தை எடுத்து, கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் மகளிடம் நீட்டினார்.

“பாரும்மா. அம்மாவைப் பாரு. எப்படி இருக்கா பாரு.”

அவள் நிமிரவில்லை. ஜிப்பை இழுத்துக்கொண்டே இருந்தாள்.

“ஒரே ஒரு தடவை பாரு. நான் கேட்டேன்மா. நான் கவனிக்காம இல்ல. ஒரு நாள் அவ குளிச்சிட்டு வரப்ப முதுகைப் பாத்தேன். டாக்டர்கிட்ட போயிட்டு வரலாமான்னு கேட்டேன். அவதான் இந்தப் போட்டோவை எடுத்துக் காட்டினா. என் தங்கச்சியே பாத்துச் சொல்லிட்டா, நான் பன்னு மாதிரி இருக்கேனாம், அவ கண்ணுக்குத் தப்புமான்னா. நானும் பாத்தேன். நல்லாத்தானே இருக்கான்னு...”

இது எனக்குத் தெரியாது. அக்கா என்னிடம் கேட்டது தெரியும். என் பதிலை வாங்கிக்கொண்டுபோய் அத்தானிடம் கொடுத்து அவர் வாயை அடைத்தது தெரியாது.

“அப்ப உனக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள் மகள். கண்ணு இல்லையா என்று கேட்டதற்கப்புறம் முதல் தடவையாக அவரிடம் பேசினாள். “முதுகைப் பாத்திருக்கே. தெரிஞ்சும் ஒரு போட்டோவைப் பாத்துட்டு விட்டுட்டே.”

“போட்டோல அப்படி இருந்தாளேம்மா...” அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். “நீ சொல்லு. இது உன் தொழில். இதைப் பாத்து இளைச்சிருக்கான்னு யாராவது சொல்ல முடியுமா? நீயே சொல்லு.”

முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது உண்மையும்கூட. அந்தப் படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. அத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டாள்.

பையிலிருந்து இன்னொரு படத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

“இதுதான் அன்னிக்கு இருந்த அக்கா” என்றேன். “அது நான் இழுத்தது.”

“இழுத்ததுன்னா?” என்றார் அத்தான்.

“கதவு நேரா வரணும்னு ஓரத்தை இழுத்தேன். ஓரத்துல நின்னா மூஞ்சி அகலமாயிடும். சதை போட்டு வந்த கன்னம் இல்ல அத்தான். கம்ப்யூட்டர்ல வந்தது. நம்பலேன்னா அந்த விளக்கைப் பாருங்க.”

மகள் பெட்டியை வைத்தாள். இரண்டு படத்தையும் எடுத்துக்கொண்டு சுவர்விளக்கின் பக்கத்தில் போய் நின்றாள். விளக்கைப் பார்த்தாள், ஒன்றைப் பார்த்தாள், மறுபடி விளக்கைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தை அவள் கடைசியாகத்தான் பார்த்தாள். பிறகு தன் போனை எடுத்து, குரூப்பில் இருந்த முழுப் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, இடது பக்கமாக நகர்த்தினாள்.

“சித்தி, நீயும் ஓரத்துலதானே நிக்கிறே?”

“ஆமா.”

“நீ அகலமா இல்லியே.”

“என்னோடதை அன்னிக்கே சரி பண்ணிட்டேன்.”

“அம்மாவோடதை?”

“பண்ணல.”

“ஏன்?”

வேறு ஏதாவது காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன். “நல்லா இருக்காளேன்னு தோணுச்சு” என்றேன். வாய் திறந்தாகிவிட்டது, மிச்சத்தை மட்டும் எதற்கு வைத்துக்கொள்வது? “உங்கம்மா எனக்குப் போன் பண்ணிக் கேட்டா. மோதிரம் கழண்டு விழுது, இளைச்சிட்டேனான்னு. நான் வேலையில இருந்தேன். போட்டோவைப் பாருன்னு சொல்லி வச்சிட்டேன். நான் சொன்னதைத்தான் அவ உங்கப்பாகிட்ட சொன்னா.”

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் நானும் பதிலுக்குக் கத்தலாம், எங்கள் குடும்பத்தில் அது வழக்கம்தான். அவள் கத்தவில்லை. அத்தான் நாற்காலியில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. மூன்று வாரமாக அவரை ஒருவரும் அழ விட்டிருக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வந்தவர்களுக்கெல்லாம் படம் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

மகள் போய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். முழங்காலில் கையை வைத்தாள்.

“அப்பா.”

“ம்.”

“காலையில சாப்பிட்டியா?”

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“நேத்து ராத்திரி?”

அதற்கும் தலையாட்டினார். அவள் எழுந்தாள். சமையலறைக்குப் போக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும், அவ்வளவு சின்ன ஹால். எப்போதும் என் தோளில் ஒரு இடி இடித்துவிட்டுப் போகிறவள், அன்று சுவரோடு ஒட்டி, மேலே படாமல் ஒதுங்கிப் போனாள். பெட்டி கதவோரம் அப்படியே நின்றது. அவள் போகப்போவதில்லை. அத்தானுக்கு அவள் திரும்பக் கிடைத்துவிட்டாள். அது நல்லது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர, சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை.

உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்பக்கம் வந்தேன். உள்ளே அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அலமாரியிலிருந்து தட்டு எடுத்து வைக்கும் சத்தம். ஒன்று. இன்னொன்று.

ஒரு காலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, மூன்றாவது தட்டின் சத்தத்துக்காக, வெட்கமே இல்லாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.